வள்ளமும் மீன்பாடும்: ஓ.ஆர்.எம். வினவலில் எதைச் சொல்லிக் கேட்பது

பாலங்கள் வருவதற்கு முன்பு மூதூரிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு வருவதென்றால் எங்களுக்கு லாஞ்சுதான். கொட்டியாரக் குடாவைக் கடந்து இறங்குதுறையில் கால் வைத்தால், திரும்பும் லாஞ்சுக்குள் எல்லாச் சாமானையும் வாங்கி முடிக்க வேண்டும். அதனால் அம்மா முதல் நாள் இரவே சீட்டு எழுதிவிடுவார். அரிசி, மண்ணெண்ணெய், கொப்பி, தைக்கிற நூல் என்று ஒன்றும் விடாமல் எழுதுவார். நூல்கண்டு சீட்டில் விடுபட்டுப்போனால், அந்த நூல்கண்டுக்காக இன்னொரு நாள், இன்னொரு லாஞ்ச், இன்னொரு டிக்கெட். நூல்கண்டின் விலை சில ரூபாய்தான். கடலைக் கடப்பதற்குத்தான் காசும் பொழுதும் போகும்.

தரவுத்தளத்திடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். ஒரு நிரை (அட்டவணையின் ஒரு வரி) கேட்டாலும் நூறு நிரை கேட்டாலும், போய்வருவதற்கென்று ஒரு செலவு உண்டு. ஓ.ஆர்.எம். என்ற கருவியை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கடல் கண்ணில் படுவதில்லை. வார இறுதிகளில் நகரத்தில் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் இதே இடத்தில் வந்து நிற்கிறது. அதனால் இதை ஆற அமர எழுதிவைக்க நினைத்தேன்.

முதலில் ஓ.ஆர்.எம். (ஒப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர்) என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கர் கொட் 1970இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியில்தான் இன்றைய பெரும்பாலான தரவுத்தளங்கள் நிற்கின்றன. அதில் தகவல் எல்லாம் அட்டவணைகளாக இருக்கும். ஓர் அட்டவணையின் நிரையை இன்னோர் அட்டவணையின் நிரையோடு சேர்ப்பவை சாவிகள்: முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்று பள்ளிக்கூடத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். நாம் எழுதும் செய்நிரலோ அட்டவணைகளாகச் சிந்திப்பதில்லை. அங்கே ஒரு வள்ளம் ஒரு பொருள். அந்த வள்ளத்துக்கு ஒரு சம்மாட்டி, அதாவது உரிமையாளர். அந்த வள்ளம் பிடித்துக் கொண்டுவந்த மீன்பாடுகள் ஒரு பட்டியல். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்று, பொருளை நிரையாகவும் நிரையைப் பொருளாகவும் மாற்றித் தருவதுதான் ஓ.ஆர்.எம். ஜாவாவில் ஹைபர்நேட், பைத்தானில் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தோடு வருவது, தனியாக எஸ்.கியூ.எல்.அல்கெமி என்று பல உண்டு. நான் 2006இல் முதன்முதலாக வெளிவந்த எஸ்.கியூ.எல்.அல்கெமியை வைத்தே விளக்குகிறேன். இன்று புழங்குவது அதன் 2.0 வரிசை. கருத்து எல்லாவற்றுக்கும் பொது.

நிலாவெளிப் பக்கத்து மீன்வாடி ஒன்றுக்குக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்தேன். வாடியில் 40 வள்ளங்கள். பைத்தான் 3இல் வகுப்புகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் வள்ளம், மீன்பாடு, வியாபாரி என்றே வைத்தேன். (இதை வகுப்பில் காட்டும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.) முதல் பக்கத்தில் ஒவ்வொரு வள்ளமும், அதன் கீழே அது கொண்டுவந்த மீன்பாடுகளும் வர வேண்டும்: தேதி, மீன், எடை, விலை. எடைகளின் கூட்டுத்தொகை மட்டும் போதும் என்றால் தரவுத்தளத்தையே கூட்டித் தரச் சொல்லிவிடலாம், அதுதான் சரி. ஆனால் வாடிக் கணக்குப்பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் வேண்டும். சம்மாட்டி வந்து விரலை வைத்து, “இந்த அறுக்குளாவுக்கு ஏன் இந்த விலை?” என்று கேட்பார்.

நான் எழுதியது மிகவும் இயல்பான செய்நிரல். எல்லா வள்ளங்களையும் கேள். ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைக் காட்டு. பிறகு வள்ளம்.மீன்பாடுகள் என்பதில் உள்ள ஒவ்வொரு வரியையும் காட்டு. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது கண்மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. வாடியில் வைத்தபோது இரண்டரை செக்கன் எடுத்தது. கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, பக்கம் வரும்வரை பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டல் எனக்குப் போதுமாக இருந்தது.

எஸ்.கியூ.எல்.அல்கெமியில் தரவுத்தளத்தோடு இணைக்கும் எஞ்சினை உருவாக்கும்போது எக்கோ என்ற அமைப்பை உண்மை என்று வைத்தால், தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வினவலும், அதாவது நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், திரையில் விழும். ஓ.ஆர்.எம். பழகும் எவரும் முதல் நாளிலேயே இதைத் திறந்துவைக்க வேண்டும் என்பேன். நான் திறந்தபோது விழுந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி:

எல்லா வள்ளங்களையும் கொடு.
வள்ள எண் 1-க்குரிய மீன்பாடுகளைக் கொடு.
வள்ள எண் 2-க்குரிய மீன்பாடுகளைக் கொடு.
வள்ள எண் 3-க்குரிய மீன்பாடுகளைக் கொடு.

இப்படியே 40 வரை. முதல் வினவலோடு சேர்த்து 41. பின்னர் வகுப்பில் இதே காட்சியைத் திரையில் ஓடவிட்டபோது ஒரு மாணவி, “சேர், ஒரே வினவல் திரும்பத் திரும்ப ஓடுகிறதே, ஏதும் பழுதா?” என்று கேட்டார். பழுது இல்லை, தங்கச்சி. ஓ.ஆர்.எம். தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்கிறது. நாம் வள்ளங்களைக் கேட்டோம், வள்ளங்களைக் கொண்டுவந்தது. மீன்பாடு வேண்டும் என்று அப்போது நாம் சொல்லவில்லை. பிறகு முதல் வள்ளத்தின் மீன்பாட்டைத் தொட்டோம். “ஓ, இதுவும் வேண்டுமா” என்று அந்த ஒன்றுக்காக ஓடிப்போய்க் கொண்டுவந்தது. இரண்டாவதைத் தொட்டோம்; மறுபடியும் ஓடியது. தொடும்போது மட்டும் கொண்டுவரும் இந்த வழக்கத்துக்குச் சோம்பல் ஏற்றம் என்று பெயர். எஸ்.கியூ.எல்.அல்கெமியும் ஜாங்கோவும் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு வினவலோடு முடிய வேண்டியது அதற்கு மேல் நிரைக்கு ஒன்றாகப் பெருகுவதைத்தான் உலகம் முழுவதும் ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்கிறார்கள்.

வீட்டில் ஏன் தெரியவில்லை? அங்கே தரவுத்தளமும் செயலியும் ஒரே கணினியில் இருந்தன, கடலே இல்லை. வாடியில் செயலி ஓடியது நிலாவெளியில், தரவுத்தளம் இருந்ததோ சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சேவையகம் ஒன்றில். ஒரு தடவை போய்வர 60 மில்லிசெக்கன் என்று வையுங்கள். 41 தடவைக்கு 2,460 மில்லிசெக்கன். தரவுத்தளம் ஒவ்வொரு வினவலுக்கும் உடனுக்குடன் பதில் சொல்லியிருந்தாலும் கூட்டுத்தொகை இதுதான். ஆகவே சேவையகத்தின் நினைவகத்தைக் கூட்டுவதாலோ, அட்டவணையில் தேடலை விரைவாக்கும் புதிய சுட்டி போடுவதாலோ இந்தச் செலவு குறையாது. பயணங்களைத்தான் குறைக்க வேண்டும்.

அதற்குத்தான் வினவல் விருப்பங்கள். வினவலை அனுப்பும்போதே, “இதோடு அதையும் சேர்த்துக்கொண்டு வா” என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. எஸ்.கியூ.எல்.அல்கெமியில் அது இப்படி அமையும் (நூலகத்தின் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்):

செலக்ட்(வள்ளம்).ஒப்ஷன்ஸ்(செலக்ட்இன்லோட்(வள்ளம்.மீன்பாடுகள்))

கூடுதலாக வந்தது ஒப்ஷன்ஸ் என்று தொடங்கும் துண்டு மட்டும்தான். கீழே உள்ள செய்நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எக்கோவில் இப்போது இரண்டே வினவல்கள்: எல்லா வள்ளங்களையும் கொடு, வள்ள எண் 1, 2, 3 முதல் 40 வரை இவற்றில் எதற்காவது உரிய மீன்பாடுகளை எல்லாம் கொடு. வந்த மீன்பாடுகளை எந்த வள்ளத்துக்கு எது என்று பிரித்து வைக்கும் வேலையை ஓ.ஆர்.எம். தானே பார்த்துக்கொள்கிறது. வள்ளங்கள் மிக அதிகமாக இருந்தால் சாவிகளை 500 500ஆகப் பிரித்துக் கேட்கும். 1,200 வள்ளங்கள் இருந்தாலும் முதல் வினவலோடு சேர்த்து நாலு பயணம்தான்.

இன்னொரு வழியும் உண்டு. ஜொயின்ட்லோட் என்று போட்டால், இரண்டு அட்டவணைகளையும் ஒரே வினவலில் இணைத்துக் கொண்டுவரும். ஒரே பயணம். இரண்டை விட ஒன்று நல்லதுதானே என்று பிள்ளைகள் எல்லாரும் உடனே இதைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இணைத்துக் கேட்டால் விடை எப்படி வரும்? ஒரு வள்ளத்துக்கு 30 மீன்பாடு என்றால், அந்த வள்ளத்தின் பெயர், பதிவு எண், சம்மாட்டி விவரம் எல்லாம் 30 நிரைகளிலும் திரும்பத் திரும்ப வரும். 40 வள்ளத்துக்கு 1,200 நிரை. இதைத் தாங்கலாம். பிறகு அதே பக்கத்தில் ஒவ்வொரு வள்ளத்தின் திருத்தச் செலவுகளும் வேண்டும் என்கிறார்கள். ஒரு வள்ளத்துக்கு 12 திருத்தம் என்று வையுங்கள். அதற்கும் ஒரு ஜொயின்ட்லோட் போட்டால், ஒவ்வொரு மீன்பாடும் ஒவ்வொரு திருத்தத்தோடும் சோடி சேரும். 30 பெருக்கல் 12, ஒரு வள்ளத்துக்கு 360 நிரை. 40 வள்ளத்துக்கு 14,400 நிரை. செலக்ட்இன்லோட் இரண்டு போட்டிருந்தால் 40, 1,200, 480 என்று மூன்று பயணத்தில் 1,720 நிரைகளோடு வேலை முடிந்திருக்கும். லாஞ்சில் ஒரே தடவையாகத்தான் வருவேன் என்று ஒவ்வோர் அரிசி மூட்டையோடும் ஒவ்வொரு மண்ணெண்ணெய்க் கலனையும் சேர்த்துக் கட்டினால், எத்தனை மூட்டை, எத்தனை கலன் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நான் கடைப்பிடிப்பது இதுதான். ஒன்றுக்குப் பல என்கிற பட்டியல்களுக்குச் செலக்ட்இன்லோட். பலவற்றுக்கு ஒன்று என்கிற திசையில், அதாவது மீன்பாட்டிலிருந்து அது எந்த வள்ளத்தினுடையது என்று போகும்போது, ஜொயின்ட்லோட். அந்தத் திசையில் ஒரு மீன்பாட்டுக்கு ஒரு வள்ளம்தான், நிரை பெருகாது. ஜாங்கோவில் இந்தப் பிரிவு பெயரிலேயே இருக்கிறது: ஒற்றை உறவுக்குச் செலக்ட் ரிலேட்டட், அது இணைத்துக் கேட்கும், பட்டியலுக்குப் பிரீஃபெட்ச் ரிலேட்டட், அது தனி வினவலாகக் கேட்கும். ஜொயின்ட்லோட்டைப் பட்டியலுக்குப் போட்டால் 2.0 வரிசையில் யுனிக் என்ற ஒரு படியையும் சேர்க்கச் சொல்லிப் பிழை காட்டும். திரும்பத் திரும்ப வந்த வள்ளங்களை ஒன்றாக்க வேண்டும் என்பதை நமக்கு நினைவூட்டும் பிழை அது.

ஜொயின்ட்லோட் இயல்பாக இடப்புற வெளி இணைப்பைத்தான் பயன்படுத்தும். எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். மார்கழி மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்; பல வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். இரண்டு பக்கமும் பொருந்தும் நிரைகளை மட்டும் தருவது உள் இணைப்பு; அந்த மாதத்தின் மீன்பாடுகளை அதில் கேட்டால், கடலுக்குப் போகாத வள்ளங்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். சம்மாட்டி வந்து தன் வள்ளத்தின் பெயரைத் தேடுவார். வெளி இணைப்பில் வள்ளத்தின் பெயர் இருக்கும், கீழே வெறுமையாக இருக்கும். அதுதான் உண்மைக் கணக்கு.

மாதம் என்றதும் ஒரு பொறி நினைவுக்கு வருகிறது. அதில் நானே ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். ஜொயின்ட்லோட் போட்டிருக்கிறோமே, மீன்பாடு அட்டவணை வினவலுக்குள் இருக்கிறதே என்று நினைத்து, மீன்பாட்டின் தேதியை வைத்து வடிகட்ட நிபந்தனை எழுதினேன். விடை குளறுபடியாக வந்தது. காரணம், ஜொயின்ட்லோட் தன் இணைப்பை நமக்குத் தெரியாத ஒரு மாற்றுப் பெயரில் வைத்துக்கொள்கிறது. அது பொருள்களை நிரப்புவதற்கு மட்டுமே. நம் நிபந்தனை அதைத் தொடாது. வடிகட்ட வேண்டும் என்றால் ஜொயின் என்று நாமே வெளிப்படையாக இணைத்து, நிபந்தனை எழுதி, “நான் இணைத்ததிலிருந்தே பட்டியலை நிரப்பு” என்று கன்டெய்ன்ஸ் ஈகர் என்ற விருப்பத்தைத் தர வேண்டும். ஜொயின் என்பது எந்த நிரைகள் வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஜொயின்ட்லோட் என்பது வந்த பொருளோடு எது கூட வரவேண்டும் என்று சொல்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் பல மாலைகள் மிஞ்சும்.

விருப்பங்களைச் சங்கிலியாகவும் கோக்கலாம். மீன்பாட்டுக்குக் கீழே அதை ஏலத்தில் எடுத்த வியாபாரியின் பெயரும் வேண்டும் என்றால், செலக்ட்இன்லோட்(வள்ளம்.மீன்பாடுகள்) என்பதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜொயின்ட்லோட்(மீன்பாடு.வியாபாரி) என்று தொடரலாம். அப்போதும் இரண்டே பயணம். இரண்டாவது வினவலுக்குள் வியாபாரி இணைந்து வந்துவிடுவார்.

நிரைகளைக் குறைப்பது போல நிரல்களையும் (அட்டவணையின் நெடுக்கு வரிசைகளையும்) குறைக்கலாம். வள்ளத்தின் அட்டவணையில் வள்ளத்தின் புகைப்படத்தையும் சேமித்து வைத்திருந்தேன். பட்டியல் பக்கத்தில் படம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் 40 படங்களும் சிங்கப்பூரிலிருந்து பயணம் செய்து வந்து, யாரும் பார்க்காமலேயே போயின. டிஃபர் என்ற விருப்பத்தில் படத்தின் நிரலைக் குறிப்பிட்டால் அது பிற்பாடு தேவைப்படும்போதுதான் வரும். மாறாக, இன்ன நிரல்கள் மட்டும் போதும் என்று சொல்ல லோட் ஒன்லி. தள்ளிவைத்த நிரலை, வள்ளங்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்றுக்குள் மறதியாகத் தொட்டுவிட்டால் மறுபடியும் வள்ளத்துக்கு ஒரு வினவல் கிளம்பும், கவனம்.

பெரிய ஏற்றுமதிக் கோப்பு எழுதும்போது மட்டும் வேறு ஒரு வகை அமைப்பு தேவைப்படும். வாடியின் பல வருட மீன்பாடுகளை ஒரே தடவையில் நினைவகத்துக்குள் கொட்டாமல், ஆயிரம் ஆயிரமாக எடுத்து எழுதச் சொல்வது ஈல்ட் பெர். இது எப்படி ஓட்டுவது என்பதற்கான அமைப்பு. ஆகவே எக்ஸிகியூஷன் ஒப்ஷன்ஸ் என்ற தனி இடத்தில் எழுத வேண்டும். இதோடு செலக்ட்இன்லோட் ஒத்துப்போகும். பட்டியலுக்கான ஜொயின்ட்லோட் ஒத்துப்போகாது.

இவ்வளவும் கேட்ட பிறகு வகுப்பில் கட்டாயம் ஒரு கேள்வி வரும். “ஒவ்வொரு வினவலிலும் எழுதுவதை விட, வள்ளம் என்ற வகுப்பிலேயே, மீன்பாடுகளை எப்போதும் சேர்த்துக் கொண்டுவா என்று ஒரே தடவையில் எழுதிவிட்டால் என்ன?” எழுதலாம், உறவை அறிவிக்கும் இடத்திலேயே அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் நான் வேண்டாம் என்பேன், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வள்ளத்தின் பெயரை மட்டும் காட்டும் தெரிவுப் பெட்டிக்கும், பதிவு எண்ணைத் திருத்தும் பக்கத்துக்கும் அப்போது எல்லா மீன்பாடுகளும் வந்து குவியும். வள்ளத்துக்கு மீன்பாடுகள் உண்டு என்பது மாறாத உண்மை, அது வகுப்பில் இருக்கட்டும். இந்தப் பக்கத்துக்கு அவை இப்போது வேண்டுமா என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும், அது வினவலில் இருக்கட்டும். அம்மாவின் சீட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகத்தான் எழுதப்பட்டது. தைப்பொங்கலுக்கு ஒரு சீட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்துக்கு வேறு சீட்டு.

ஜாவாப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஜே.பி.ஏ. என்ற பொது வரையறையின்படி பலவற்றுக்கு ஒன்று என்கிற உறவு இயல்பாகவே உடனடி ஏற்றம். பட்டியல்கள்தான் சோம்பல் ஏற்றம். பைத்தானில் பழகிய நினைவோடு போனால் கேட்காதவையும் கூடவே வந்து நிற்கும். அதனால் அந்த உறவுகளையும் சோம்பல் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, வேண்டிய இடத்தில் வேண்டியதைக் கேட்பதே நல்லது.

சீட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோம்பல் ஏற்றம் சத்தம் போடாது. பக்கம் சரியாகத்தான் வரும், மெதுவாக வரும், அவ்வளவுதான். இதற்கு எஸ்.கியூ.எல்.அல்கெமியில் ரெய்ஸ்லோட் என்ற விருப்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரெய்ஸ்லோட்டுக்குள் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு வினவலின் கடைசியில் சேர்த்தால், “நான் பெயர் சொல்லிக் கேட்ட உறவுகளைத் தவிர வேறு எதையாவது யாராவது தொட்டால், ஓடிப்போய்க் கொண்டுவராதே, பிழை காட்டு” என்று பொருள். ரூபி ஒன் ரெயில்ஸ் 6.1இலிருந்து ஸ்ட்ரிக்ட் லோடிங் என்ற பெயரில் இதே வசதி உண்டு. வாடிச் செயலியின் பட்டியல் பக்கங்கள் எல்லாவற்றிலும் இதைச் சேர்த்தேன்.

பக்கம் இரண்டு வினவலுக்கு இறங்கிச் சில வாரங்கள் கழித்து, என்னிடம் படித்த தம்பி ஒருவர் அதில் வேலை செய்ய வந்தார். ஒவ்வொரு வள்ளத்துக்கும் நேரே அதன் வலைகளின் வகையையும் காட்ட வேண்டும் என்று கணக்குப்பிள்ளை கேட்டிருந்தார். தம்பி பக்கத்தின் வார்ப்புருவில் ஒரு வரி சேர்த்து ஓட்டினார். பக்கம் வரவில்லை. வள்ளம்.வலைகள் என்ற உறவின் பெயரைச் சொல்லி, அதை ஏற்ற முடியாது, ரெய்ஸ்லோட் தடுக்கிறது என்று பிழை வந்தது. என்னை அழைக்க தொலைபேசியை எடுத்தவர், பிழையை இன்னொரு தடவை வாசித்துவிட்டுக் கீழே வைத்தார். வினவலில் மீன்பாடுகளுக்கான விருப்பத்துக்குப் பக்கத்தில் செலக்ட்இன்லோட்(வள்ளம்.வலைகள்) என்று சேர்த்தார். எக்கோவில் மூன்று வினவல்கள் விழுந்தன.